மலையடிவாரத்துப் பல்கலைக்கழகம்



நான் பள்ளியில் படித்த நாளில் எங்கள் தமிழாசிரியர் ‘பல்கலைக்கழகம்’ என்று சொல்லமாட்டார். ‘சர்வகலாசாலை’ என்றே சொல்லுவார். சொல்லும்போது கைகள் இரண்டையும் அகல விரித்துக் காட்டுவார். அதைப் பார்த்து, உலகத்துக் கலைகளையெல்லாம் ஒரே கூரையின்கீழ் ஊறுகாய்ச் சாடிகளைப் போல வரிசையாக வைத்திருப்பார்கள் போலும் என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். பின்னாளில் சில பல்கலைக்கழகங்களைப் பார்த்தேன். அவற்றிலே ஒன்றைப் பற்றியும், அதைச் சூழ்ந்துள்ள இரண்டு ஊர்களைப் பற்றியும் இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன். பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசவந்தவன் ஊர்களை ஏன் இழுக்கிறான் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் போகப் போகத் தெரியும்.

சென்ற ஆண்டின் இறுதியில், விருதுநகர் மாவட்டத்துக் கிருஷ்ணன்கோவிலில் உள்ள கலசலிங்கம் பல்கலைக்கழகத்தைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று. இராஜபாளையத்தில் என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரிய நண்பர் ஒருவர் இருக்கிறார். “நேரே அங்கே போகாதீர்கள். முதலில் எங்கள் ஊருக்கு வந்து ஓர் இரவு தங்கிவிட்டுப் போங்கள்” என்று அவர் எழுதியிருந்தார். அவ்வாறே செய்தேன்.

இராஜபாளையத்தில் ரயிலை விட்டு இறங்கியவுடன் கண்ணில் படுவது மேற்குத் தொடர்ச்சி மலை. ஊரின் மேற்கெல்லையில் அது ஒரு நீலச் சுவரைப்போல் எழுந்து நிற்கிறது. அந்த ஊரார் திசை சொல்லும்போதுகூட ‘மலைப்பக்கம்’ என்றுதான் சொல்லுகிறார்கள். மலையிலிருந்து இறங்கும் அய்யனார் கோயில் ஓடை ஊருக்குத் தண்ணீர் தருகிறது. காற்றிலே பஞ்சின் மணம் சற்றுக் கலந்திருக்கிறது. 1936ஆம் ஆண்டில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா தொடங்கிய இராஜபாளையம் மில்லும், அதைத் தொடர்ந்து எழுந்த பல ஆலைகளும் இந்த ஊரை நூல் நூற்கும் நகரமாக்கின.

ஊருக்குப் பெயர் தந்த ராஜுக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் விசயநகரப் பேரரசின் நிலப்பகுதியிலிருந்து தெற்கே வந்து குடியேறியவர்கள். இன்றும் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள்; வீதியில் தமிழ் பேசுகிறார்கள். வேட்டைக்கும் காவலுக்கும் அவர்கள் வளர்த்த வெள்ளை நாய்க்கு ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய் இனங்களுக்காக அஞ்சல் தலைகள் வெளியிட்டபோது, இராஜபாளையம் நாயும் அவற்றுள் ஒன்றாக இடம் பெற்றது. நண்பர் வீட்டிலும் ஒன்று இருந்தது. இரவு முழுவதும் அது என்னை நம்பவில்லை.

மறுநாள் காலையில் காந்தி கலைமன்றத்தைப் பார்த்தேன். பூ. ச. குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். பின்னர் ஒரிசாவின் ஆளுநராகவும் விளங்கியவர். 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில், முதலமைச்சராக இருந்துகொண்டே, பக்கத்து ஊராகிய ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் தோற்றார். அதைச் சொல்லும்போது என் நண்பர் குரலை ஒரு கட்டை இறக்கிக்கொண்டார். எழுபது ஆண்டு கடந்தும் ஊருக்கு அந்த வருத்தம் போகவில்லை. அவர் தாம் குடியிருந்த வீட்டையே கலைகளுக்கென்று கொடுத்துவிட்டார். அதுதான் கலைமன்றம். ஒருவர் தம் பணத்தைக் கொடுக்கலாம், நிலத்தைக் கொடுக்கலாம், பிறந்தும் வளர்ந்தும் புழங்கிய வீட்டைக் கொடுப்பதற்குத் தனி மனம் வேண்டும். அந்த வாசலில் சிறிது நேரம் நின்றுவிட்டுப் பஸ் ஏறினேன்.

இராஜபாளையத்திலிருந்து வடகிழக்கே மதுரைச் சாலையில் செல்லும் பஸ், பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தொடுகிறது. அதைத் தாண்டி இன்னும் சிறிது தொலைவில் கிருஷ்ணன்கோவில் வருகிறது. இந்தச் சாலைக்கு ஒரு கதை உண்டு. திருமலை நாயக்கர் மதுரையிலிருந்து ஆண்டபோது, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கு வழிபாடு முடிந்த செய்தி தெரிந்த பின்னரே உணவு கொள்வாராம். அதற்காகச் சாலை நெடுகிலும் மண்டபங்கள் கட்டி, ஒரு மண்டபத்து முரசொலி கேட்டு அடுத்த மண்டபத்தில் முரசறைய, அவ்வாறே செய்தி மதுரைவரை சென்று சேரும்படி செய்தாராம். வாய்மொழியாக வழங்கும் கதை இது. கல்வெட்டுச் சான்று கேட்காதீர்கள். ஆயினும் வானொலியிலே பேசுகிற எனக்கு இந்தக் கதையிடம் ஓர் உறவு தோன்றியது. ஒலியை ஊர்விட்டு ஊர் அனுப்ப வேண்டும் என்ற ஆசை நமக்குப் புதிதன்று அல்லவா?

கிருஷ்ணன்கோவிலில் இறங்கினால் மேற்கே வத்திராயிருப்புக்குச் செல்லும் சாலை பிரிகிறது. மலைக்கும் நெடுஞ்சாலைக்கும் இடையே கிடக்கும் அந்த நிலப்பரப்பில், 1984ஆம் ஆண்டு, கல்வி வள்ளல் என்று மக்கள் அழைக்கும் தி. கலசலிங்கம் அவர்கள் ஒரு பொறியியற் கல்லூரியைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் தனியார் பொறியியற் கல்லூரிகள் அரும்பிய காலம் அது. பெருநகரத்தின் அருகே அமைக்காமல், பருத்திக்காடும் தென்னந்தோப்புமாக இருந்த சிற்றூரின் ஓரத்தில் கல்லூரி அமைத்தது துணிவான செயல். 2006ஆம் ஆண்டில் அக்கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

வளாகத்துள் நுழைந்தவுடன் மரநிழலும், நிழலுக்குமேல் மலையும் தெரிகின்றன. அந்த மலைக்காட்டில்தான் சாம்பல் நிற மலையணில் வாழ்கிறது. வீட்டு முற்றத்தில் ஓடும் நம் மூன்றுவரி அணிலை மனத்தில் கொள்ளாதீர்கள். இது பூனையளவு பெரியது. கிளைக்குக் கிளை தாவுமே தவிரத் தரைக்கு வருவது அரிது. மரத்தின் கிளைகள் ஒன்றோடொன்று கோத்திருந்தால்தான் இதற்கு வாழ்வு. நடுவே நான்கு மரங்களை வெட்டினால் இதன் வழி அறுந்துபோகிறது. இந்த அணிலைக் காப்பதற்கென்றே 1988ஆம் ஆண்டில் இங்கே ஒரு சரணாலயம் அமைத்தார்கள். 2021ஆம் ஆண்டில் அதனோடு மேகமலைக் காடுகளையும் சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கினார்கள். தாவரவியலும் விலங்கியலும் படிக்கிறவர்களுக்கு இந்த மலையைவிடச் சிறந்த ஆய்வுக்கூடம் வேறு எங்கே கிடைக்கும்?

கட்டடங்களைப் பற்றி நான் நீட்டிப் பேசப்போவதில்லை. ஆய்வுக்கூடங்களும் நூலகமும் விடுதிகளும் இன்றைக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. நான் அங்கே நின்றுவிட்ட இடம் ஒரு வகுப்பறை.

பேச்சுப்புலனும் செவிப்புலனும் குறைந்த மாணவர்களுக்கென்று பொறியியற் படிப்பை இந்தப் பல்கலைக்கழகம் நடத்திவருகிறது. நான் எட்டிப் பார்த்தபோது கணிப்பொறியியல் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார். அவரருகே நின்ற அம்மையார் ஒருவர் அவர் சொல்வதையெல்லாம் கைகளால் மொழிபெயர்க்கிறார். அறையில் ஒலியே இல்லை. ஆனால் அமைதியாகவும் இல்லை. ஒரு மாணவன் கையுயர்த்தி ஐயம் கேட்கிறான், அம்மையார் அதை ஆசிரியருக்குச் சொல்லுகிறார், மற்றொருவன் விரல்களாலேயே குறுக்கிட்டு மறுக்கிறான், வகுப்பே சிரிக்கிறது. நான் ஆசிரியத் தொழிலில் முப்பத்துமூன்று ஆண்டுகள் இருந்தவன். அவ்வளவு கூர்ந்து கவனித்த வகுப்பை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. பார்வையைத் திருப்பினால் பாடம் போய்விடும் என்பதால் ஒருவரும் கண்ணை எடுக்கவில்லை.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் ஆசிரியனான இரண்டாம் ஆண்டில் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கூப்பிட்டால் திரும்பமாட்டான். கேள்வி கேட்டால் என் வாயையே உற்றுப் பார்ப்பான். எழுதச் சொன்னால் பக்கத்துப் பையனின் பலகையை நோக்குவான். திமிர் என்று கருதினேன். பிறரைக் கெடுத்துவிடுவான் என்று கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார வைத்தேன். என் வாய் தெரியும் இடத்திலிருந்து, தெரியாத இடத்துக்கு அவனை நானே அனுப்பினேன் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. அந்த ஆண்டு முடியுமுன் அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவன் அன்னை ஒருநாள் சந்தையில் என்னைக் கண்டு, “அவனுக்குக் காது கொஞ்சம் மந்தம் ஐயா. சின்ன வயசிலே காய்ச்சல் வந்து போச்சு” என்றார். குறை சொல்லும் குரலில்கூட அவர் சொல்லவில்லை. அந்த வகுப்பறையின் வாசலில் நின்றபோது எனக்கு அந்தச் சந்தை நினைவு வந்தது. நண்பர்களே, நான் சிறிது நேரம் வெளித் தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அங்கே இரு மாணவர்கள் என்னிடம் வந்தார்கள். ஒருவன் நான் பார்த்த வகுப்பில் படிப்பவன். சங்கரன்கோவில் பக்கத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளை. பிறவியிலேயே கேளாதவன். மற்றவள் வேறு துறை மாணவி. ஆந்திர நாட்டிலிருந்து வந்தவள். நட்பின் காரணமாகவே அவன் கைமொழியைக் கற்றுக்கொண்டவள். அவளுடைய தமிழ் இன்னும் பள்ளிப் பருவத்தில்தான் இருந்தது. ஆனால் நான் சொன்ன தமிழை அவள் கைகளில் வாங்கி அவனுக்குச் சேர்த்த விரைவைப் பார்த்து வியந்தேன். தெலுங்குப் பெண் ஒருத்தி, தமிழ்க் கிழவன் பேச்சைத் தமிழ் இளைஞனுக்கு மொழிபெயர்த்துச் சொல்லுகிறாள்!

தெலுங்கு நாட்டிலிருந்து இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்து படிப்பவர் பலர். விடுதி முற்றத்தில் தமிழுக்குச் சமமாகத் தெலுங்கும் கேட்கிறது. நான் அந்தப் பெண்ணைக் கேட்டேன்: “உங்கள் மொழியின் பெருங்காவியம் ஒன்று இந்த ஊரிலே நடப்பது உனக்குத் தெரியுமா அம்மா?” அவள் விழித்தாள். கிருஷ்ணதேவராயர் 1509 முதல் 1529 வரை விசயநகரத்தை ஆண்டவர். அவர் தெலுங்கில் இயற்றிய ‘ஆமுக்தமால்யதா’ என்ற காவியத்தின் பெயருக்குச் சூடிக் கொடுத்தவள் என்பது பொருள். பெரியாழ்வாரும் ஆண்டாளும் அதன் மாந்தர். தொடக்கத்திலேயே வில்லிபுத்தூரின் வீதிகளையும் சோலைகளையும் அரசர் வருணிக்கிறார். பத்துக் கிலோமீட்டர் தொலைவில் அந்த வீதிகள் இருக்கின்றன. இரண்டு ஆண்டுகளாக இங்கே படிக்கும் அவள் பால்கோவா வாங்க மட்டுமே அங்கே போயிருக்கிறாள். பால்கோவாவைக் குறைத்துச் சொல்லவில்லை. அதற்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நானும் வாங்கினேன். “எழுந்திருங்கள், இன்று சனிக்கிழமைதானே. மூவரும் போவோம்” என்றேன்.

உண்ட பின் புறப்பட்டோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் முதலில் அவர்களைப் பென்னிங்டன் நூலகத்துக்கு அழைத்துச் சென்றேன். இந்த ஊர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்திருந்த காலத்தில், அங்கே கலெக்டராயிருந்த பென்னிங்டன் என்பவரின் பெயரால் 1875ஆம் ஆண்டு எழுந்த பொது நூலகம் இது. நினைத்துப் பாருங்கள்: அப்போது இந்த ஊருக்கு ரயில் இல்லை. மதுரையில் பல்கலைக்கழகம் தோன்ற இன்னும் 91 ஆண்டுகள் இருந்தன. அந்த நாளில் ஒரு கோயிலூரில் பொதுமக்கள் படிப்பதற்கென்று நூலகம் வைத்தார்கள். நாங்கள் போனபோது ஒரு முதியவர் செய்தித்தாளும், நான்கைந்து இளைஞர் தேர்வுக்குரிய நூல்களும் படித்துக்கொண்டிருந்தனர். ‘அமைதி காக்க’ என்ற பலகையைக் கண்டதும் அந்த மாணவன் அதைக் காட்டி, பின்பு தன்னையும் காட்டிச் சிரித்தான். இந்த ஒரு விதியை அவன் பிறந்தது முதல் மீறியதில்லை என்பது பொருளாம். எனக்குச் சிரிப்பதா கூடாதா என்று தெரியவில்லை. அவன் சிரித்ததால் நானும் சிரித்தேன்.

கோபுரத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டு அரசின் முத்திரையில் இருப்பது இதுவே என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். மதுரைக் கோபுரம் என்று சொல்வாரும் உளர். அந்த வழக்கை நான் தீர்க்கப்போவதில்லை. பதினொரு நிலை, ஏறத்தாழ 192 அடி உயரம். என் மனத்தைக் கவர்வது உயரமன்று. அதற்கு வழங்கும் வரலாறு. பெரியாழ்வார் பாண்டியன் அவையில் வாதம் செய்து பொற்கிழியைப் பெற்றார் என்றும், அந்தப் பொன்னைக்கொண்டே இக்கோபுரத்தை எழுப்பினார் என்றும் வைணவ மரபு கூறுகிறது. நந்தவனம் வளர்த்துப் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒருவர், கற்ற கல்விக்குக் கிடைத்த பரிசைத் தமக்கென்று ஒரு காசும் வைத்துக்கொள்ளாமல் ஊருக்கே தந்துவிட்டார் என்பது கதையின் உட்கிடை. காலையில் நான் பார்த்த கலைமன்றத்து வாசல் அப்போது நினைவுக்கு வந்தது.

பிறகு கிளியைப் பார்க்கப் போனோம். ஆண்டாளின் இடக்கையில் ஒரு பச்சைக்கிளி இருக்கிறதல்லவா? அது செம்பாலோ பொன்னாலோ ஆனதன்று. ஒவ்வொரு நாளும் இலைகளால் புதிதாகச் செய்யப்படுவது. மரவள்ளி இலை உடலாகிறது, நந்தியாவட்டை இலை முதலியவை இறகாகின்றன, மாதுளம்பூ மூக்காகிறது, வாழைநார் எல்லாவற்றையும் கட்டுகிறது. தலைமுறை தலைமுறையாக இதையே பணியாகக் கொண்டவர்கள் சில மணி நேரம் இருந்து இதைச் செய்கிறார்கள். மாலை வழிபாட்டின்போது கிளி ஆண்டாளின் கையில் ஏறுகிறது. மறுநாளைக்கு அது உதவாது, மறுநாள் மறுகிளி.

நண்பரின் ஏற்பாட்டால் கிளி கட்டுவதை அருகிருந்து பார்க்க இசைந்தார்கள். கிளி கட்டுபவர் பேசவில்லை. வேலையின்போது பேசுகிற வழக்கமில்லை போலும். விரல்கள் மட்டும் ஓடின. நானும் அந்தப் பெண்ணும் பேசாமல் நின்றோம். அந்த மாணவனோ இரண்டடி முன்னே சென்று, தரையிலே அமர்ந்து, அவர் விரல்களைத் தன் வகுப்பறையில் பார்ப்பது போலவே பார்த்தான். இலையை மடிக்கும் ஓரிடத்தில் அவன் புருவத்தைச் சற்று உயர்த்தினான். பெரியவர் அதைக் கண்டார். மடித்த இலையைப் பிரித்து, மறுபடி மெல்ல மடித்துக் காட்டினார். அவன் தலையசைத்தான். ஒரு துண்டு இலையை எடுத்து அவன் கையில் கொடுத்தார். அவன் மடித்தான், தவறு. மீண்டும் மடித்தான். பெரியவர் கட்டைவிரலால் அந்த மடிப்பின் ஓரத்தை அழுத்திவிட்டு, போதும் என்று கண்ணாலேயே சொன்னார். இந்தப் பாடத்துக்கு மொழிபெயர்ப்பாளர் எவரும் வேண்டியிருக்கவில்லை. நான் முப்பத்துமூன்று ஆண்டுகளில் எத்தனை முறை இப்படிப் பிரித்து மடித்துக் காட்டியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

மாலையில் நாகசுரமும் தவிலும் முழங்கக் கிளி சந்நிதிக்குச் சென்றது. தவிலுக்கு நேரே தூணருகில் நின்ற மாணவன் தூணின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தான். ‘என்ன?’ என்று சைகை செய்தேன். என் கையைப் பிடித்துத் தூணில் வைத்தான். கல்லுக்குள்ளே தவில் இருந்தது. எத்தனையோ கோயில்களில் எத்தனையோ தூண்களில் சாய்ந்திருக்கிறேன். எனக்கு அது தெரியாது.

பஸ் நிலையத்தில் அவர்களுக்கு வடக்கே போகும் பஸ்ஸும், எனக்குத் தெற்கே போகும் பஸ்ஸும் வர வேண்டியிருந்தது. நான் வானொலியில் அவ்வப்போது பேசுவேன் என்று அந்தப் பெண் அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். அவன் தன் சிறு குறிப்பேட்டை எடுத்து எழுதி என்னிடம் நீட்டினான்: ‘சார், இன்று பார்த்ததைப் பேசுவீர்களா?’ பேசலாம் என்று இருக்கிறேன் என்று கீழே எழுதினேன். அவன் வாங்கிப் படித்துவிட்டு மீண்டும் எழுதினான்: ‘பேசினால் எனக்குத் தெரியாது. அது புத்தகமாக வருமா?’

அவர்களுடைய பஸ் வந்துவிட்டது. ‘வரும், உனக்கு ஒரு பிரதி அனுப்புகிறேன்’ என்று எழுதி, ஓடும் பஸ்ஸின் சன்னல் வழியாகக் குறிப்பேட்டைக் கொடுத்தேன்.